இருபத்தாறு வான்கோழிகளுக்கு ஞானஸ்நானம்

அப்பாவுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. இப்போது எனக்கு அதைவிடப் பத்து வயது கூடுதல். இந்த ஒரு விஷயம்தான் சமீபமாக என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை. என்னைவிடச் சின்ன வயது மனிதர் ஒருவர், மனைவியையும் ஒன்பது வயது மகளையும் ஒரு தையல் மிஷினையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு, புதுச்சேரி டவுனை விட்டுச் சேதராப்பட்டுக்கு அந்தப் பக்கம் வான்கோழி வளர்க்கப் போனார். மே மாத வெயில். தார் இளகி டயரில் ஒட்டிப் பிரிகிற சத்தம் வழி நெடுகக் கேட்டது. அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

டவுனில் அவர் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்போம் எங்கள் ஊரில். அவர்கள் இன்னமும் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் பிரான்சுக்கு எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் காகிதங்கள்தான் அப்பாவின் வேலை. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று நாள் முழுக்கப் பிரெஞ்சில் தட்டச்சு செய்துவிட்டுச் சாயந்திரம் வீட்டுக்கு வருவார். வந்ததும், தான் உயிரோடு இருப்பதற்கான அடையாளம் எதையும் காட்டாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

சொல்தா வீடுகளில் கிறிஸ்துமஸை நொவேல் என்றுதான் சொல்வார்கள். நொவேல் மேசையில் வான்கோழி இல்லையென்றால் அது நொவேலே இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் பறவை கிடைக்கவில்லை, கிடைத்தது கிழம், கறி செருப்பு மாதிரி இருந்தது என்கிற புலம்பலைத் தட்டச்சு மிஷினுக்கு மேலாக அப்பா பல வருஷம் கேட்டிருக்கிறார். கேட்டுக் கேட்டு ஒருநாள் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு எழுந்துவிட்டார். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. அத்தனை சுலபமாக எழுந்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் எழுந்ததும் கையைப் பிடித்துக்கொண்டவர் அத்தை. அப்பாவின் அக்கா, சொல்தா வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். இந்த வருஷம் என் தம்பி வளர்த்த வான்கோழி, அறுத்துச் சுத்தம் பண்ணி உங்கள் வீட்டு வாசலுக்கே வரும் என்று வெயிலில் குடை பிடித்துக்கொண்டு இருபது வீடு ஏறி இறங்கி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தெருக்களில் அத்தையின் வாக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. தப்பிப் போனதில்லை என்பதால் வந்த மரியாதை.

அம்மா சண்டை போடவில்லை. "நொவேல் வரைக்கும்தான்" என்றாள். அதற்குள் தொழில் நிலைத்துவிட்டால் அங்கேயே இருப்பது. நிலைக்காவிட்டால் திரும்பி வந்து, அதே வக்கீலிடம் அதே நாற்காலியைக் கேட்பது. அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

முந்திரி மரங்களுக்கு நடுவே இரண்டு அறை ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு நீளக் கொட்டகை. மண் செக்கச்செவேல் என்றிருக்கும். என் வெள்ளைப் பள்ளிச் சட்டை முதல் வாரத்திலேயே வெள்ளையாக இருப்பதை நிறுத்திக்கொண்டது. தூரத்தில் நாலைந்து தகரக் கூரைகள். அதுதான் அன்றைய தொழிற்பேட்டை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் கொட்டகை இருந்த இடம் எதுவென்று ஒரு கம்பெனி கேட்டின் காவலாளியிடம் கேட்க வாயெடுத்து, என்ன கேட்பது என்று தெரியாமல் பஸ் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

நாற்பது குஞ்சுகள் இரண்டு அட்டைப் பெட்டியில் வந்தன. வான்கோழிக் குஞ்சுக்குப் பசிக்கும், ஆனால் தின்ன வேண்டும் என்று தெரியாது. தீனி முன்னாலேயே நின்று பட்டினியில் சாகும். அதனால் தீனித் தட்டிலும் தண்ணீரிலும் கலர் கோலிக்குண்டுகளைப் போட்டு வைக்க வேண்டும். பளபளப்பைக் கொத்தப் போய், தவறுதலாகத் தீனியும் வாய்க்குள் போய்விடும். அப்படித்தான் அவை சாப்பிடப் பழகுகின்றன. என் கோலிக்குண்டுகள் மொத்தமும் அதற்குப் போயின. அப்பா கொட்டகையில் மண்டி போட்டு, விரலால் தட்டைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக அழைத்துக் காட்டுவார். பக்கத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற அண்ணன், தொழிற்பேட்டை ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, "என்னா மிசே, கோழிக்கு இஸ்கூல் வெச்சிருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுப் போவார். மிசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் வாயில் அது பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். பறவைகளோடு அவர் பிரெஞ்சில்தான் பேசினார். அதுவும் கட்சிக்காரர்களிடம் பேசுகிற மரியாதைப் பன்மையில். தாங்கள் மழையில் நிற்கலாகாது, தாங்கள் உள்ளே வர வேண்டும் என்கிற மாதிரி. ஐப்பசி மழையில் அவை நிஜமாகவே வெளியே நின்று நனைந்தன. மழை என்றால் ஒதுங்க வேண்டும் என்பதும் அவற்றுக்குத் தெரியாது. அப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி ஓடி அள்ளிக்கொண்டு வருவார். பதினாலு செத்தன. ஒவ்வொன்றையும் முந்திரி மரத்தடியில் தனித்தனிக் குழி வெட்டிப் புதைத்தார். ஒரே குழியில் போடச் சொன்ன அண்ணனிடம் என்ன சொல்லி மழுப்பினார் என்று நினைவில்லை.

மிச்சம் இருபத்தாறு. அவை வளர்ந்தன. அப்பாவும் வளர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தோள் அகன்றது, கழுத்து கறுத்தது, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்று வானத்தைப் பார்க்கிற ஒரு புது ஆள் எங்கள் வீட்டில் நடமாடினார். அம்மா ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தாள். வேலியில் அவரைக்கொடி ஏற்றினாள். நொவேல் வரைக்கும்தான் என்ற பேச்சை ஒரு கட்டத்தில் அவள் நிறுத்திவிட்டாள். கிணற்றுக்கு மோட்டார் வைத்தால் என்ன என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். இதெல்லாம் அப்போது என் கண்ணில் பட்டது, மனசில் ஏறவில்லை.

எனக்கு வேறு கவலை. அடுத்த மே மாதம் எனக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற அந்த நாளுக்காக, சனிக்கிழமைதோறும் டவுனுக்குப் பஸ் ஏறி ஞானோபதேச வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே சிஸ்டர் ஒருநாள் சொன்னார்: சாகப் போகிறவருக்குப் பக்கத்தில் சாமியார் இல்லையென்றால், யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகள்கூட. தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்றால் போதும், அவர் மோட்சத்துக்குப் போய்விடுவார். இவ்வளவு பெரிய அதிகாரத்தை ஒன்பது வயதில் என் கையில் கொடுத்துவிட்டு, சிஸ்டர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மனிதருக்கு மட்டும்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நொவேலுக்கு மூன்று நாள் முன்னால் அத்தை ஆள்வசம் அரை பாட்டில் பிராந்தி கொடுத்தனுப்பினார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வான்கோழியை அறுப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கரண்டி பிராந்தி புகட்டுவார்கள். கறி மெத்தென்று ஆகும் என்பது நம்பிக்கை. அறுக்கிற அன்று காலை அம்மா, இறகு பிடுங்குவதற்காகப் பெரிய அண்டாவில் தண்ணீர் காயப் போட்டாள். அப்பா இரண்டு நாளாகக் கிணற்றுக் கல்லில் தீட்டிய கத்தியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருந்ததிலேயே பெரிய சேவலைப் பிடித்து அலகைத் திறந்து ஒரு கரண்டி ஊற்றினார்.

அது தலையை உதறியது. தொங்குசதை சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பூசை முடிந்து வெளியே வருகிற பெரிய மனிதர்போல நாலு அடி நடந்து, அப்பாவின் வலது பாதத்தின்மேல் கழுத்தை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அப்பா காலை எடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் முந்திரி நிழலைச் சுருக்கிக்கொண்டே வந்தது. "தண்ணி ஆறுதுங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். மறுபடி காய வைத்தாள். மறுபடி ஆறியது. பக்கத்து நிலத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "குடுங்க மிசே, நான் அறுத்துத் தரேன். ரெண்டு மணி நேர வேல" என்றார். கேலி இல்லாமல்தான் சொன்னார். அப்பா அவரை அண்ணாந்து பார்த்து, "தூங்குது" என்றார். 

மதியத்துக்கு மேல் நான் கிணற்று நீரை ஒரு சொம்பில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவற்றைக் கொல்லக் கூடாது என்று எனக்கு எண்ணமே இல்லை. ஞாயிறுதோறும் கறி தின்று வளர்ந்தவள் நான். நொவேல் அன்று எங்களுக்கென்று ஒன்றை அம்மா ஒதுக்குவாள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. இன்றோ நாளையோ சாகப் போகின்றன, பக்கத்தில் சாமியார் இல்லை, நான் இருக்கிறேன். அவ்வளவுதான் என் நியாயம். ஒரு பெட்டையைத் துரத்திக்கொண்டு ஓடி, பாதித் தண்ணீரை என்மேலேயே கொட்டிக்கொண்டபோது, வாசலில் அப்பா நின்றிருந்தார்.

என்ன பண்ணுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். பிறகு உள்ளே வந்து, அந்தப் பெட்டையை லாவகமாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். "இரு, ஆடும். நான் புடிச்சிக்கிறேன். பேரு என்னா?"

லூசியா என்றேன். டிசம்பர் மாதத்துப் புனிதர்களில் தொடங்கினேன். அம்புரோஸ். நிக்கோலாஸ். பார்பரா. அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் பெயரைக் கேட்டார், நான் சொன்னதை ஒருதரம் தானும் சொல்லிப் பார்த்தார், நான் ஊற்றி முடிக்கும்வரை அசையாமல் பிடித்திருந்தார். காலையில் குடித்த சேவலை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். புனிதர்கள் தீர்ந்து என் வகுப்புப் பிள்ளைகளின் பெயருக்கு வந்தேன். அதுவும் தீர்ந்து, கடைசியாக நின்ற கொழுத்த பெட்டைக்கு அத்தையின் பெயரை வைத்தேன். அப்பா சிரித்தார். சிரிக்கும்போது பார்த்தேன், அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. சொம்புத் தண்ணீர் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். இத்தனை பேர் ஒரே நாளில் மோட்சத்துக்குப் போகிற சந்தோஷம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அத்தை வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கூடைகள், வாழையிலை, பிளாஸ்டிக் விரிப்பு, எல்லாம் ஏற்பாடாக. இருபத்தாறு பறவைகளும் முந்திரித் தோப்பில் மேய்ந்துகொண்டிருந்தன. அத்தை அவற்றைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அக்கா, பாப்பா எல்லாத்துக்கும் ஞானஸ்நானம் குடுத்துட்டா. அறுக்கக் கூடாதுன்னு அழுவுறா. நான் என்னா பண்றது."

அத்தை என்னைப் பார்த்தார். நான் முறுக்குத் தின்றுகொண்டு நின்றேன். நான் எப்போது அழுதேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"டேய் தம்பி, இருபது வீட்டுல மேச காலியா கெடக்கும்டா. எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் கோயிலுக்குப் போவேன்?"

அந்த வருஷம் அத்தை நொவேல் பூசைக்கு வரவில்லை. அப்பாவோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

ஜனவரியில் ஒரு வியாபாரி வந்து மொத்தத்தையும் கால்களைக் கட்டிச் சென்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அப்பா வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவை எப்படியும் யாரோ ஒருவரின் கத்திக்குத்தான் போயின. அவர் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். மகளாக இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது. பிப்ரவரியில் சாமான் கட்டினோம். தையல் மிஷினின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே அம்மா, அந்த மிஷினிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அறுத்திருப்பேன்." அப்பா கதவுக்குப் பின்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கயிறு ஒரு நொடி நின்று, மறுபடி சுற்றியது.

வக்கீல் ஆபீசில் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கதவோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். உறைகளில் விலாசம் எழுதுகிற வேலை. ஒன்பதே மாதத்தில் விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டானே என்று யாராவது ஆரம்பிப்பதற்குள், அப்பாவே இந்தக் கதையை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். கல்யாண வீட்டில், பேக்கரியில், கோயில் வாசலில். நான் சொம்போடு ஓடுவதை, பறவையைக் கட்டிக்கொண்டு தேம்புவதை, அறுக்காதீங்கப்பா என்று காலைப் பிடிப்பதை அவ்வளவு அழகாக நடித்துக் காட்டுவார். கேட்டவர்கள் புரையேறச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அப்புறம் வேறெதையும் கேட்க மாட்டார்கள். எனக்குத்தான் தெருவில் நடக்க முடியவில்லை. இன்றைக்கு யாருக்கும்மா ஞானஸ்நானம் என்பார்கள். எங்கள் வீட்டு நாய்க்குக் காய்ச்சல், வந்து தண்ணி தெளிச்சிட்டுப் போ என்பார்கள்.

அந்தக் கதை சுற்றிச் சுற்றி அத்தையையும் அடைந்தது. பிள்ளை செய்ததற்குத் தம்பியிடம் முறுக்கிக்கொண்டு என்ன ஆகப் போகிறது என்று அவர் இறங்கி வந்தார். இருபது வீட்டிலும் அதையே சொல்லி, தன் மரியாதையையும் ஒருவழியாக மீட்டுக்கொண்டார். என் புதுநன்மை விருந்து தன் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். விருந்தன்றைக்கு அப்பா இரண்டுமுறை சவரம் செய்துகொண்டதாக அம்மா பிற்பாடு சொல்வாள்.

புதுநன்மைக்கு முதல் நாள் எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்வது. பறவைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைச் சாமியாரிடம் சொன்னேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார், வெகுநேரம் இருமினார். பிறகு, அது பாவமில்லை, இனி எப்போதும் உண்மையே பேசு என்று சொல்லி பரிகாரமாக மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்.

விருந்தில் நான் நடுவே உட்கார்ந்திருந்தேன். அம்மா தைத்த வெள்ளைக் கவுன், தலையில் வலைத்துணி முக்காடு. அத்தை தன் கையாலேயே அப்பாவுக்குப் பரிமாறினார். யாரோ, அந்த வான்கோழிக் கதையைச் சொல்லுங்களேன் என்றார்கள். அப்பா அத்தையை ஒருதரம் பார்த்தார். அத்தை, "சொல்லுடா" என்றார். அவர் தொடங்கினார். நான் தேம்புகிற இடம் வந்ததும் அத்தை நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நொவேலுக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல்முறை.

"நான் அழவே இல்ல" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நேற்றைக்குக் கழுவிய ஆத்துமா, இன்றைக்கு வாங்கிய நற்கருணை. பொய்க்கு இடமே இல்லாத உடம்பு.

"அப்பாதான் ஒண்ணொண்ணா புடிச்சிக் குடுத்தாரு. அப்பாதான் பேரு கேட்டாரு. அழுதது அப்பாதான்."

யாரோ பாதிச் சிரிப்பில் நிறுத்தினார்கள். ஒரு கரண்டி தட்டில் பட்டது. அம்மா தலை குனிந்து மேசைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். அத்தை சாய்ந்திருந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"அப்போ நீதானா" என்றார் அப்பாவிடம்.

"ஆமாக்கா."

அத்தை எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். போனவர் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றோடு சரி. அதற்குப் பிறகு முப்பது வருஷம், கோயிலில் எதிர்ப்பட்டால், பென்ஷன் வரிசையில் நிற்கிற இரண்டு பேர்போலத் தலையசைத்துக்கொள்வார்கள். அப்பா அந்தக் கதையை மறுபடி யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு வேறு கதையும் இல்லை. எங்கள் வீட்டில் பிறகு ஒரு கிளிகூட வளரவில்லை.

அன்றைக்கு அவர் கை கழுவிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஊசியைக் கழற்றி, தலையில் குத்திவிடாமல் நேராக்கி, மறுபடி குத்திவிட்டார்.

"சரியாத்தான் சொன்ன" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

அப்பா என்னைப் பாராட்டிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. இன்னொரு துண்டு கேக் வேண்டும் என்று கேட்டேன்.